மணிப்பந்தும் மச்சான் அனுப்பிய லோரியும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
15.8.1988

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் கன்னையா அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் தம்புசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பவுனம்மாளும் மகள் சந்திரகலாவும் முருகன் புண்ணியத்தில் நலம். அங்கு உங்கள் முட்டிவலி எப்படி? இருமல் எப்படி? குளிர்ச்சியாக எதையும் தொட வேண்டாம் என்று பவுனு சொல்லச் சொன்னாள். போன கடிதத்தைக் கோழி கிண்டியது போல இருக்கிறது என்றீர்கள். அதனால் இந்த முறை நான் சொல்லச் சொல்லச் சந்திரா தட்டச்சில் அடிக்கிறாள். கண் தெரியாத பிள்ளைதான், ஆனால் ஓர் எழுத்து பிசகாது. சொன்னதைச் சொன்னபடியே அடிப்பாள்.

தீபாவளிக்கு உங்கள் வீட்டில் சாப்பிடும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். "கண்ணு தெரியாத பொம்பளப் புள்ள தரையில உருண்டு பந்து புடிக்குதாம், கேக்கவே நல்லால்ல. எங்க வீட்டுல வந்து அத்தைக்குத் தொணையா இருக்கட்டும்" என்றீர்கள். நானும் வாய் நிறைய ஆட்டுக்கறியோடு தலையை ஆட்டிவிட்டேன். (சந்திரா, ஆட்டுக்கறியை அடிக்காதே.) இவள் விடுவாளா? "சரி மாமா, அடுத்த போட்டியில கப் வரலன்னா பந்தையே தொட மாட்டேன், உங்க வீட்டுக்கே வந்துர்றேன். ஜெயிச்சா நீங்க இதப் பத்தி வாயே தொறக்கக் கூடாது" என்று பந்தயம் கட்டினாள். நேற்றுக் கிள்ளான் மண்டபத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்தப் பந்தயம் என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்பதால் விளக்கிச் சொல்கிறேன். பக்கத்துக்கு மூன்று பேர். அரைப்பார்வை உள்ளவர், அறவே இல்லாதவர் எல்லாருக்கும் கண்ணில் ஒரே கறுப்புக் கட்டு. பந்துக்குள் மணி இருக்கும். எதிராளி உருட்டிவிடும் பந்தின் சத்தத்தைக் கேட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து உடம்பால் தடுக்க வேண்டும். அதனால் பார்க்க வந்தவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. இதைச் சந்திரா ஒரு வாரமாகப் படித்துப் படித்துச் சொன்னாள். மற்றவர்களுக்குச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முட்டிவலியால் வர முடியவில்லை என்றாலும், மருமகளுக்கு ஆளில்லை என்று ஊர் பேசக் கூடாதென்று தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு லோரி நிறைய ஆட்களையும் கோயில் உறுமி மேளத்தையும் அனுப்பி வைத்தீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஆட்டம் தொடங்கியதும் மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. நம்ம மாரியாயி அக்கா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், எழவு வீடு மாதிரில்ல இருக்கு! நம்ம புள்ளைக்குக் கை தட்ட ஒரு நாதி இல்லையா?" என்று கண் கலங்கிக் குலவை போட்டார். குலவை கேட்டால் உறுமிக்காரர் சின்னையாவின் கை சும்மா இருக்குமா? உறுமி எழும்பிவிட்டது. நான் எழுந்து நின்று, "அடிச்சுத் தூள் கெளப்பு கண்ணு!" என்றேன். அந்த நேரம் பார்த்து வந்த பந்தின் மணி சந்திராவின் காதில் விழவே இல்லை. கோல்!

நடுவராக இருந்த சீன அம்மா விசில் ஊதி நேராக என்னிடம் வந்தார். "அங்கிள், திஸ் இஸ் நாட் வெட்டிங் லா" என்றார், இது கல்யாண வீடு இல்லையாம். சத்தம் போட்டது எங்கள் ஆட்கள் என்பதால் அந்தக் கோல் செல்லும் என்றும் சொல்லிவிட்டார். நான் வாதாட வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து சந்திரா, "அப்பா! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போங்க!" என்று போட்டாளே ஒரு சத்தம்! பெற்ற மகள், மச்சான், சபை நடுவே. எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையின் ஆட்டத்தை நானே கெடுத்தேனே என்று ஜன்னலுக்கு வெளியே நின்று, எதுவும் தெரியாததால் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன். மணிச் சத்தம், தொப்பென்று ஒரு சத்தம், மறுபடி மணி. விழுந்தது நம்ம பிள்ளையா அவங்க பிள்ளையா, ஒண்ணும் புரியல. சின்னையா உறுமி உறுமாதபடி கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஆட்டம் சமம் என்று யாரோ ஜன்னல் வழியாக விரலால் காட்டிய நேரத்தில், தெருமுனையில் வந்தானய்யா ஐஸ்கிரீம்காரன், டிங் டிங் டிங் என்று! பந்திலும் மணி, இவனிடமும் மணி. பிள்ளைகள் எந்த மணியைப் பிடிப்பார்கள்? லோரி ஆட்கள் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். மாரியாயி அக்கா மணியின் நாக்கையே கையால் பொத்திவிட்டார். அவன் பயந்து கத்தப் போனான். உடனே, "கத்தாத தம்பி, எல்லாத்தையும் வாங்கிக்கிறோம்" என்று பெட்டியைக் காலி செய்தோம். எல்லார் வாயிலும் ஐஸ்கிரீம், ஆகவே யாராலும் பேச முடியவில்லை. சின்னையா மட்டும் ரெண்டு ஐஸ்கிரீம் எடுத்துக்கொண்டு லோரிப் பக்கம் போனார், டிரைவருக்காம். எங்க ஆளுங்க இவ்வளவு நேரம் வாய மூடி நான் பார்த்ததே இல்ல மச்சான்.

அப்புறம் ஒரு விசில். மண்டபமே இடிந்து விழுந்த மாதிரி ஆரவாரம். கடைசிப் பந்தைச் சந்திரா வயிற்றில் வாங்கி நிறுத்தி, எழுந்து அப்படியே திருப்பி விட்டாளாம், நேராகக் கோல்! கப் நமக்கு! ஜெயிச்சுட்டா மச்சான், உங்க தங்கச்சி மக ஜெயிச்சுட்டா! அந்த நடுவரம்மாவே வெளியே வந்து, "நவ் கேன்! நவ் யூ ஆல் ப்ளே லா!" என்றார். சின்னையா அடித்த அடிக்குத் தோற்ற பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். ஐஸ்கிரீம்காரனும் தன் மணியை அடித்தான்.

நான் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கம்பீரமாக நின்றேன். இனி எந்த ஆட்டத்துக்கும் வர மாட்டேன் என்று நடுவரம்மாவிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன். நீங்களும் பந்தயப்படி வாயைத் திறக்கக் கூடாது. அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. பத்துமலை முருகன் உங்கள் முட்டியைக் காப்பாராக.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
தம்புசாமி

பின்குறிப்பு: மாமா, நான் சந்திரா. அப்பா வெற்றிலை போடப் போய்விட்டார். அவர் கம்பீரமாக நின்றதை நம்ப வேண்டாம், என் ஜெர்சி தோளெல்லாம் அவர் அழுது நனைந்துவிட்டது. அடுத்த மாதம் ஈப்போ ஆட்டத்துக்கு வர மாட்டேன் என்பதையும் நம்ப வேண்டாம், சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். ஆட்டத்தை உங்களுக்கு இவ்வளவு விளக்கியிருக்கவும் வேண்டாம். நான் கப்போடு வெளியே வந்தபோது லோரிக்குப் பின்னால் ஒருவர் இருமினாரே, அது டிரைவர் இருமல் இல்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டால் யாருக்கு அந்த இருமல் வரும் என்று அத்தைக்கும் தெரியும், ஆனால் லோரிப் பக்கம் கேட்டதை அவரிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் வாய் திறக்கக் கூடாது என்ற பந்தயம் ரத்து. ஈப்போவில் ஒளியாமல் உள்ளே வந்து முதல் வரிசையில் உட்காருங்கள் மாமா. ஆனால் மருந்து குடித்துவிட்டு வாருங்கள், விசில் ஊதும்வரை இருமக் கூடாது.