பின்பக்க லிஃப்டில் ஒரு வேலைநிறுத்தம்

நியூயார்க்,
1982 மார்ச், திங்கட்கிழமை

மரியாதைக்குரிய ஹெர்ஷல் மச்சானுக்கு,

ஹைமன் ஜெல்னிக் எழுதுவது. நானும் உங்கள் தங்கை பெர்னிஸும் சுகம். மயாமி வெயிலில் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கென்று ஒழித்து வைத்த பின் அறையில் உங்கள் தூண்டில்களைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். நாங்கள் வரவில்லை. பெர்னிஸ் தொலைபேசியில் உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது, நடந்தது இதுதான்.

நாங்கள் முப்பது வருடமாக வாடகைக்கு இருக்கும் இந்தக் கட்டடம் போருக்கு முன்னால் கோடீஸ்வரர்களுக்காகக் கட்டியது என்று உங்களுக்கே தெரியும். பளிங்குத் தரை, எட்டாத உயரத்தில் கூரை, வேலைக்காரியைக் கூப்பிடச் சாப்பாட்டு மேஜைக்கடியில் காலால் மிதிக்கிற மணி. இன்றைக்கும் பெர்னிஸ் மிதிக்கிறாள், நான்தான் எழுந்து போகிறேன். இதை ஒரு கம்பெனி வாங்கி, ஒவ்வொரு வீட்டையும் குடியிருப்பவர்களுக்கே விற்கிறோம் என்று கிளம்பியது. விலையோ அந்தப் பழைய கோடீஸ்வரர்களுக்கே கட்டுப்படியாகாது. ஞாயிறு மாலைக்குள் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டால் திட்டம் நிறைவேறும், போடாதவன் மூட்டையைக் கட்ட வேண்டும். பாதிப் பேர் தேறாவிட்டால் திட்டமே ரத்து.

நான் யார்? ரோமக் கோட்டுத் தொழிலாளர் சங்கத்தில் தலை நரைத்தவன். குடியிருப்போர் கமிட்டியைக் கூட்டி, "விலை இறங்குற வரைக்கும் ஒருத்தனும் கையெழுத்துப் போடக் கூடாது. போடுறவன் கருங்காலி" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் கோர்ன்கோல்ட் அழுதேவிட்டார்.

ஞாயிறு மதியம் எங்கள் மேல் மாடியிலிருந்து பின்பக்க லிஃப்டில் இறங்கினேன். குப்பையும் சாமான்களும் போகிற லிஃப்ட் அது, மிலோராத் கைப்பிடியைத் திருப்பி ஓட்டுவான். யாராவது கருங்காலி கீழே இருக்கிற கம்பெனி ஆபீசுக்குப் பின்வழியாக நழுவுகிறானா என்று வேவு பார்க்கத்தான் போனேன். என் கோட்டுப் பையில் ஒரு காசோலை இருந்தது, அது வேறு விஷயம்.

ஒன்பதாவது மாடியில் டாக்டர் ஏறினார். கையில் குப்பைப் பை, கழுத்தில் பட்டு டை. ஏழாவதில் பியானோ டீச்சர் திருமதி வைன்ட்ராப் நாயோடு ஏறினாள். நாய் டாக்டருடையது, அவரைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. இப்படியே மாடிக்கு மாடி கமிட்டி முழுக்க ஏறிவிட்டது. நாலாவதில் கதவு திறந்தால், அழுக்குத் துணிக் கூடையோடு பெர்னிஸ் நிற்கிறாள்.

"நீ ஏன் நாலாவது மாடியில இருக்க?"

"நீங்க ஏன் ஞாயித்துக்கிழமை ஷேவ் பண்ணியிருக்கீங்க?"

அவள் உள்ளே ஏறியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. கூடை கவிழ்ந்தது. என் பழைய பனியன்களுக்கு நடுவிலிருந்து ஒரு காசோலை விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன், என் பையிலிருந்ததும் விழுந்தது. ஒரே கணக்கு, ஒரே வீடு, இரண்டு காசோலை. பிறகு டாக்டர் மெதுவாகத் தன்னுடையதை எடுத்துக் காட்டினார். திருமதி வைன்ட்ராப் தொப்பிக்குள்ளிருந்து எடுத்தாள்.

மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு இந்த வீடு வேண்டும். அந்தப் பாழாய்ப்போன மணி உட்பட வேண்டும். ஆனால் கருங்காலி என்ற பேரோடு இதில் குடியிருக்க என்னால் ஆகாது.

அப்போது மேலே கதவிடுக்கில் கம்பெனி ஆள் பிரென்டிஸின் குரல் கேட்டது. "உள்ள யாரு? கமிட்டிக்காரங்களா? அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமே, சீக்கிரம் வெளிய வாங்க." குரல் நடுங்கியது. ஆஹா, பாதிப் பேர் இன்னும் தேறவில்லை, நம்மைவிட அவனுக்குத்தான் அவசரம் என்று எனக்குப் பட்டது.

மிலோராத் என் காதருகே வந்து, "சார், லிஃப்ட் சரியாயிடுச்சு" என்றான்.

"ஆகலை" என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "பெரிய ரிப்பேர் சார், ராத்திரி ஆயிடும்" என்று மேலே பார்த்துக் கத்தினான். தங்கமான பையன்.

"விலையை இறக்குங்க, நாங்க இறங்குறோம்" என்று நானும் கத்தினேன். பிரென்டிஸ் ஓடுவான், முதலாளியிடம் பேசுவான், வந்து ஒரு விலை சொல்வான். நாங்கள் கை தூக்கி ஓட்டெடுத்து, வேண்டாம் என்போம். திருமதி வைன்ட்ராப் பாட்டுப் பாடினாள், நாயும் கூடவே பாடியது. டாக்டரின் குப்பைப் பையில் பார்த்தால் குப்பையே இல்லை, வெண்ணெய் தடவிய ரொட்டி. எல்லோரும் பிய்த்துச் சாப்பிட்டோம். இந்த முப்பது வருடத்தில் இவர்களோடு இவ்வளவு சிரித்ததில்லை. ஐந்து மணி நெருங்க நெருங்க, விலை பாதிக்கு வந்தது. மிலோராத் கைப்பிடியைத் திருப்பினான். எல்லோரும் ஒன்றாகப் போய், ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டோம். கருங்காலி ஒருவர்கூட இல்லை. பெர்னிஸ் எல்லோர் முன்னாலும் என்னை முத்தமிட்டாள்.

உங்கள் முழங்காலுக்கும் மீன் வேட்டைக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். அண்ணிக்கு எங்கள் அன்பு.

வெற்றி பெற்ற தொழிலாளி,
ஹைமன்

பி.கு.: தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த இந்தக் கடிதம் மூன்று மாதமாகப் பெர்னிஸின் கைப்பையிலேயே கிடந்திருக்கிறது. இதற்குள் வீடுகள் எங்கள் பேருக்கு வந்து, என்னையே நிர்வாகக் குழுத் தலைவராக்கிவிட்டார்கள். இன்று காலை மிலோராதும் வாசல் காவலர்களும் தட்டி பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். "யாரை எதுத்துப்பா?" என்றேன். "உங்களைத்தான் சார். சம்பளத்தை ஏத்துங்க, லிஃப்டை ஓட்டுறோம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே" என்றான். ஏற்றினால் அன்று அடித்த லாபம் அவ்வளவும் கரைந்துவிடும். முதலாளியாக மேலே உட்கார்ந்து பார்த்தேன், பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. இறங்கிப் போய் நானும் ஒரு தட்டியை வாங்கிக்கொண்டேன். "ஜெல்னிக் ஒழிக" என்று கத்துவதில் தெருவிலேயே என் குரல்தான் பெரிது. சாயங்காலம் மேலே போய் அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிடப் போகிறேன். இப்போதே கொடுக்கிறேன் என்றால் மிலோராத் விட மாட்டேன் என்கிறான், உடனே பணிந்தால் முதலாளிக்கு மரியாதை இல்லையாம்.