பக்கத்து இருக்கையின் கைப்பிடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமியார் எழுதுவது. நான் நலம்; உங்கள் நிறுவனத்தின் கார்தான் நலமில்லை. நீங்களும் என் மகளும் குழந்தையும் சௌக்கியமாகவே இருப்பீர்கள், இல்லையென்றால் இதற்குள் அவள் போன் செய்து அழுதிருப்பாள். இதையும் போனிலேயே சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். போனில் அவள் குறுக்கே புகுந்து, "அம்மா, விஷயத்துக்கு வா" என்பாள். விஷயத்துக்கு வாசல் வழியாகத்தான் வர முடியும், ஜன்னல் ஏறிக் குதிக்க எனக்கு வயதில்லை.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடி டீச்சரை உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. உங்கள் கல்யாணத்தன்று மேடையேறி உங்கள் டையைச் சரிசெய்துவிட்டு இறங்கினாரே, அவர்தான். என்னைப்போலவே கான்வென்டில் படித்தவர், என்னைப்போலவே தனியாக இருப்பவர். சனிக்கிழமைதோறும் நான் காரை ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார, நூலகத்துக்குப் போவோம். அங்கே நாளிதழின் குறுக்கெழுத்தை நிரப்புவோம். இடமிருந்து வலம் எனக்கு. மேலிருந்து கீழ், மாடிக்காரர் என்பதால் அவருக்கு. நாங்கள் போய் நின்றதும் நூலகக் காவலாளி ஓடிவந்து அவர் பக்கக் கதவைத் திறந்துவிடுவார். வீடு திரும்பினால் எங்கள் கட்டடக் காவலாளி. இப்படியே ஒரு குறையுமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நூலகக் காவலாளி லீவு. நான் இறங்கினேன், குடையை எடுத்துக்கொண்டேன், நின்றேன். டீச்சர் இறங்கவில்லை. கார் ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு, கைப்பையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோரணை எனக்குத் தெரியாதா? உங்கள் மாமனார் இருந்தவரை நானே அப்படி உட்கார்ந்தவள்தானே. அவர் சுற்றிவந்து திறக்காமல் நான் இறங்கியதே கிடையாது. பெண் தானே கதவைத் திறந்துகொண்டு குதிக்கக் கூடாது என்பது கான்வென்டில் சிஸ்டர்கள் போட்ட சட்டம். கான்வென்டில் படித்த இரண்டு பேர் ஒரே காரில் போனால் கதவைத் திறப்பது யார் என்று மட்டும் சிஸ்டர்கள் சொல்லித்தரவில்லை. வண்டியையும் ஓட்டி, கதவையும் திறந்துவிட்டால் நான் யார், அவருடைய டிரைவரா? எனவே நிதானமாக உள்ளே போய்விட்டேன். எங்கள் வழக்கமான மேஜையில் உட்கார்ந்து இடமிருந்து வலம் முழுவதையும் போட்டு முடித்தேன், ஆளைக் காணோம். கடைசியில் நூலகரே வெளியே போய்க் கதவைத் திறந்து அவரை அழைத்துவந்தார். டீச்சர் என் மேஜையருகே நின்று, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: "உங்களுக்கு மனசு இருந்திருந்தா கதவு திறந்திருக்கும்."

"உங்களுக்குக் கை இருக்கே டீச்சர்" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம்தான். நாக்குக்குத் தாழ்ப்பாள் கிடையாதே. அவர் டாக்சி பிடித்துப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் லிப்டில் ஏறினால் அவர் படியில் இறங்குகிறார். கையில் ஊன்றுகோலுடன், மூட்டுவலியோடு, மூன்று மாடி! கோல் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல்வரை வந்து நிற்பேன். ஆனால் போய்ப் பேசுவதாவது. என் சாப்பாட்டு மேஜையில் பாதி நிரப்பிய குறுக்கெழுத்துகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, மேலிருந்து கீழ் எல்லாம் காலியாக. நானே போட்டுப் பார்த்தேன். வரவில்லை. வந்தாலும் சண்டை போட ஆளில்லை.

இந்த நிலையில்தான் உங்கள் நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. பக்கத்து இருக்கைக் கதவின் கைப்பிடி சில வண்டிகளில் உள்ளிருந்து திறக்காமல் போகக்கூடுமாம், எனவே வண்டிகளைத் திரும்ப அழைக்கிறார்களாம், கோபித்துக்கொண்டு ஓடிப்போன பிள்ளையை அழைப்பதுபோல. சோதித்துப் பார்த்து, தேவையானால் இலவசமாக மாற்றித் தருவார்களாம். படித்து முடித்ததும் எனக்குக் காதெல்லாம் சுட்டது. அந்தப் பாவப்பட்ட மனுஷி உள்ளே மாட்டிக்கொண்டு, சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார், நானோ ஜம்பமாக நடந்துபோயிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. உங்கள் மாமனார் இருந்தால் சாட்சி சொல்வார். ஆனாலும் போனேன். லிப்ட் வேண்டாமென்று படியேறியே போனேன், அது எனக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனை. மணியடித்து, அறிவிப்பை நீட்டினேன். டீச்சர் கண்ணாடி மாட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"அன்னைக்கே நான் இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாமே."

"கேட்டாத்தானே சொல்ல."

அவ்வளவுதான். காப்பி போட்டார். சர்க்கரை வழக்கம்போல் கூடுதல், நான் வழக்கம்போல் சொன்னேன்.

ஆகவே மாப்பிள்ளை, பொறுப்பு முழுவதும் உங்கள் நிறுவனத்தினுடையது. கார் தயாரிக்கிறவர்களுக்குக் கதவு ஒரு பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். கதவால்தான் மனிதர்கள் பிரிகிறார்கள். இந்தக் கைப்பிடியால் எனக்கு ஒரு சிநேகிதி போயிருப்பார். நீங்கள் உங்கள் மேலதிகாரியிடம் என் கோபத்தை, தணித்துச் சொல்லாமல், முழுசாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதாக, டீச்சர் பெயருக்கு நிறுவனத்தின் தாளில் ஒரு வருத்தக் கடிதம் வர வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி உங்களுக்கே திருப்பி அனுப்புவார், ஜாக்கிரதை.

குழந்தைக்கு முத்தங்கள். மகளுக்கு ஆசிகள், தலைமுடியை வெட்டிக்கொண்ட போட்டோ பார்த்தேன், அதைப்பற்றித் தனிக் கடிதம். உங்களுக்கு, உங்கள் நிறுவனத்தைத் தவிர்த்து, என் முழு அன்பு.

இப்படிக்கு,
மாமியார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒர்க்ஷாப்பில் கூப்பிட்டுவிட்டார்கள், போய்வந்தேன். மெக்கானிக் அந்தக் கைப்பிடியை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். "இதுல ஒரு குறையும் இல்லம்மா. யாரும் தொட்ட மாதிரியே தெரியலையே" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதே கைப்பிடியோடு வண்டியை எடுத்துவந்தேன். இன்று சனிக்கிழமை. டீச்சர் ஏறியதும், "மாத்தியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு டீச்சர்" என்றேன். நூலகத்தில் நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்துவிடத்தான் வண்டியைச் சுற்றிப் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் அவரே திறந்து இறங்கி நின்றார். "புதுசு புதுசுதான். தொட்டதும் திறக்குது" என்றார். ஆமாம் என்றேன். எனவே மேலதிகாரியிடம் எதுவும் சொல்ல வேண்டாம், மேலே உள்ள கோபத்தை எல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வருத்தக் கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பழைய கைப்பிடி படுமோசம் என்று அதில் அழுத்தமாக இருக்கட்டும்.