ஜோடி மேஸ்திரி எனக்குப் பார்த்த ஆள்

இந்த உலகத்தில் யாரை யாரோடு சேர்த்தால் ஒட்டும் என்பது, கடவுளுக்கு அடுத்தபடியாக ஆம்பூர் ஜோடி மேஸ்திரிக்குத்தான் தெரியும். கடவுளே பல இடங்களில் அவசரப்பட்டுவிட்டார் என்பது மேஸ்திரியின் அபிப்பிராயம்.

ஷூ கம்பெனியில் முப்பது வருஷமாய் அவருக்கு ஒரே வேலை. இடதுகால் தோலையும் வலதுகால் தோலையும் ஜன்னலோரம் கொண்டுபோய், நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஜோடி சேர்ப்பது, ஒத்துப்போனால் 'பாஸ்' போடுவது. "ட்யூப்லைட்ல எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்புதான் சார். வெயில்ல வெச்சாதான் ஒண்ணு நீலம் அடிக்கும், ஒண்ணு செவப்பு அடிக்கும்" என்பார். வயசாயிற்று என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கை சும்மா இருக்குமா? மனுஷர்களை ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.

காலையில் கம்பெனி வேன்கள் மகள்களையும் மருமகள்களையும் அள்ளிக்கொண்டு போனதும், எங்கள் தெரு பெருமூச்சு விட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். பாலாற்றுப் பக்கமிருந்து வெள்ளையாய்ப் பனி நடந்து வரும். அதற்குள்ளே தண்ணீர்த் தொட்டி அருகில், தனியாய்க் கிடக்கும் கிழங்கள் நாங்கள், வெயிலுக்காக நிற்போம். பாதித் தூக்கம், பாதி விழிப்பு. எதிரே நிற்பவர் நிஜமா, கனவில் வந்தவரா என்று சில நாள் எனக்கே குழம்பும்.

மேஸ்திரி ஒவ்வொருவராய் வெயிலுக்கு இழுத்து, மோவாயைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். விஷயம் புரியாத ஒருத்தர் புதுச் சட்டை போட்டு, ஜாதகத்தோடு வந்து நின்றார்.

"ஐயோ பெருசு, அந்த ஜோடி இல்ல! இது பேசறதுக்கு!"

காது கேட்காத வாத்தியாருக்கு, காது கேட்காத இன்னொருவரைச் சேர்த்தார். ஒருவர் முட்டிவலியைச் சொல்வார், மற்றவர் மாப்பிள்ளையைத் திட்டுவார். இருவரும் என்னிடம் தனித்தனியாய்ச் சொன்னது: "எவ்ளோ பொறுமையா கேக்கறாரு தெரியுமா!" குழாயடிச் சண்டையில் பேச்சை நிறுத்திய ராஜம்மாவையும் நூர்ஜஹானையும் சேர்த்தபோது தெருவே அலறியது. "சண்ட போடவும் ஆள் வேணும்ல?" என்றார் மேஸ்திரி. அந்தச் சண்டை இன்றுவரை தினமும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு களை!

ஜோடிக்கு ஒரே ஒரு ரூல்தான். காலை பத்து மணிக்குள் உங்கள் ஆள் கண்ணில் படவில்லை என்றால், நீங்கள் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

எல்லோருக்கும் ஆள் கிடைத்தது, என்னைத் தவிர. மனைவி போன பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கூரியர்காரர் மட்டும்தான், அதுவும் சந்தேகத்தோடு. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டுகூடப் போய் நின்று பார்த்தேன். மேஸ்திரி தினமும் ஒரு கண்ணை மூடிவிட்டு, "உங்க ஷேடு கஷ்டம் சார். பாப்போம்" என்றார்.

எனக்கும் ரோஷம் உண்டு. ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை. கட்டிலில் கிடந்தபடி, இப்படியே என் மூச்சு நின்றால் எப்போது தெரியும் என்று கணக்குப் போட்டேன். மகள் சனிக்கிழமைதான் ஃபோன் செய்வாள். அப்படியே கண் செருகியது. சமையலறையில் மனைவி ஏதோ முணுமுணுத்தபடி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "யாரோ கதவத் தட்றாங்க, பாருங்களேன்" என்றாள்.

நிஜமாகவே தட்டினார்கள். பத்தடிக்க ஐந்து நிமிஷம். வாசலில் மூச்சிரைக்க மேஸ்திரி.

"இன்னா சார் இது? மனுஷன இப்பிடிப் பேஜார் பண்றீங்க?"

"உனக்கு இன்னாய்யா வந்துச்சி? ஜோடிதான வந்து தட்டணும்? எனக்குத்தான் யாரும் இல்லியே!"

மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்தார். "மொத நாளே உங்கள எடுத்துத் தனியா வெச்சிட்டேன் சார். சொல்லத்தான் வெக்கமா போச்சி."

"யாருக்கு எடுத்து வெச்ச?"

"எனக்குதான். பையன் துபாய்ல இருக்கான். வூட்டுக்குப் போனா நானும் செவுரும்தான்."

ஊரையே ஜோடி சேர்த்த மனுஷன் இத்தனை நாளும் ஒற்றையாய் நின்றது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையைப் பிடித்து வெயிலுக்கு இழுத்தேன். மோவாயைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் கறுப்பு, நான் சிவப்பு. நிறம் கொஞ்சங்கூட ஒத்துப்போகவில்லை.

பாஸ் போட்டுவிட்டேன்.