மாமன் மாலை பறந்த கதை

தாய்மாமன் பதவி ஒரு மனிதனை எந்த அளவுக்குக் கிறுக்கனாக்கும் என்பதற்கு நானே அத்தாட்சி.

அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து. கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டை ஒட்டிய குலதெய்வக் கோயிலில். முந்தின மாதம்தான் பங்காளி வீட்டு விசேஷத்துக்கு ஒரு தாய்மாமன் குதிரை வண்டியில் சீர் கொண்டுவந்து ஊரையே வாய்பிளக்க வைத்திருந்தார். நான் சும்மா இருப்பேனா? என் மாலை வானத்திலிருந்து இறங்கும் என்று அறிவித்துவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

கேமராக்காரத் தம்பி சேகர் தன் ட்ரோனைத் தரத் தயங்கினான்.

"அண்ணே, வடக்க கருத்துக்கிட்டு வருது. இந்தக் காத்துல மாலையக் கட்டி ஏத்துனா கையில நிக்காதுண்ணே."

"வைகாசி மேகம், சும்மா பூச்சாண்டி காட்டும். குடு இங்கிட்டு!" என்று ரிமோட்டைப் பிடுங்கினேன். (அதுவரை நான் ஓட்டியதிலேயே பெரிய விமானம், காகித ராக்கெட்.)

மாலை கம்பீரமாக எழும்பியது. எல்லோரும் அண்ணாந்து கைதட்டினார்கள். அடுத்த நொடி அடித்ததே ஒரு காற்று! ட்ரோன் சாமியாடிக்கொண்டே பந்தலைத் தாண்டி முந்திரிக்காட்டுக்குள் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒரு மரத்தில் மாலையோடு தொங்கியது. ஏறினேன். மழையும் பிடித்துக்கொண்டது. கிளை வழுக்க, தொப்பென்று நானும் தரையிறங்கினேன். கால் பிசகிவிட்டது, எழவே முடியவில்லை.

போனில் மச்சான்: "மாப்ள, எங்க இருக்கீங்க? நல்ல நேரம் முடியப் போகுது. எங்க அண்ணன் மடியில வச்சுக் குத்திரவா?"

மாமன் மடி இருக்க வேறு மடியா?

"வேண்டாம் மச்சான்! முந்திரிக்காட்டுல விழுந்து கெடக்கேன், இங்கயே வாங்க! கால்தான் நகரல, மடி நல்லா இருக்கு!" என்று அலறினேன்.

வந்தார்கள். நாலு பேர் ஜமுக்காளத்தைத் தலைக்குமேல் பிடிக்க, பிள்ளை, ஆசாரி, நாதஸ்வரம் எல்லாம் காட்டுக்குள் வந்துசேர்ந்தன.

"ஒனக்குப் புத்தி எங்கடா போச்சு? புள்ள மொட்டத் தலையில மழ விழுகுது!" என்று அக்கா திட்டினாள். திட்டிக்கொண்டே பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆசாரி குத்தினார். யாழினி சிணுங்கக்கூட இல்லை. என் பிசகிய காலில் ஓங்கி ஓர் உதை மட்டும் விட்டாள். அழுதது நான்தான், ஆல்பத்தில் இருக்கிறது. கிளை ஆடியதில் மாலை நழுவி நேரே ஆசாரி கழுத்தில் விழுந்தது. சொன்னபடி வானத்திலிருந்துதான் இறங்கியது.

அக்காவின் இரண்டாவது மகளுக்கு இப்போது காதுகுத்து. நேற்றுப் பத்திரிகை வந்தது. தாய்மாமன் என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அச்சடித்திருக்கிறார்கள்: "தரைவழியாக மட்டும் வருகிறார்."