ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா?

“நீலச் சட்டையா, கோடு போட்டதா?” என்றாள் மனைவி.

“நீலம்,” என்று உத்தரவு போட்டார் டைம் கீப்பர்.

தெருமுனை திரும்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: பெற்றோர் கூட்டத்துக்கு வருவதாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அதற்குள் நாலு வயது மகள் அவர் விரலைப் பிடித்துப் பள்ளி வாசலுக்கே இழுத்து வந்துவிட்டாள்.

அந்த மழலையர் பள்ளியில் மனைவிதான் டீச்சர். வகுப்பு வாசலில் சாக்கட்டியால் குட்டிக் குட்டிப் பாதங்கள் வரையப்பட்டிருந்தன. பிள்ளைகள் சரியாக அவற்றின்மேல் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

“செருப்பு விடறதுக்குக்கூடவா படம்?” என்று சிரித்தார். தன் ஷூவை நடுவழியில் உதறினார். டிப்போவில் முப்பத்தெட்டு பஸ்கள் அவர் விசிலுக்குக் கிளம்புகின்றன. அவர் எதற்குப் படம் பார்க்க வேண்டும்?

பிள்ளைகளின் ஸ்டூலில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் காதைத் தொட்டன. மனைவி பேச ஆரம்பித்தாள்.

“வீட்டுல விளையாடி முடிச்சதும் ‘பொம்மையை எடுத்து வை’ன்னு சொல்லாதீங்க. மாட்டேன்னு சொல்ல அதுல இடம் இருக்கு. ‘பெரிய பொம்மையை முதல்ல வைக்கிறியா, சின்னதையா’ன்னு கேளுங்க. எதைச் சொன்னாலும் நமக்குச் சரி. தானே முடிவு பண்ணின மாதிரி பிள்ளைக்கும் பெருமையா இருக்கும்.”

மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். டைம் கீப்பருக்கு வியர்த்தது.

‘அம்மா திங்கட்கிழமை வரட்டுமா, செவ்வாய்க்கிழமையா?’ செவ்வாய் என்று கறாராகச் சொன்னவர் அவர்தான். மாமியார் நாலு மாதம் இருந்தார். ‘துணி முதல்ல துவைக்கறீங்களா, பாத்திரம் முதல்ல தேய்க்கறீங்களா?’ துணிதான் முதலில் என்று ஏழு வருஷமாக வீட்டை ஆண்டு வந்திருக்கிறார்!

அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே, ஒரு சபதம் எடுத்தார். வீட்டின் பின்னறைக்காக மூன்று மாதமாக இழுபறி. மனைவிக்கு அது மகள் விளையாடும் அறையாக வேண்டும். அவருக்குக் கேரம் போர்டு போட வேண்டும், ஞாயிறுதோறும் டிப்போ நண்பர்களோடு ஆட வேண்டும். கொடுத்த மருந்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன?

ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

“பின்னறையில கேரம் போர்டை ஜன்னல் பக்கம் வைக்கலாமா, சுவர்ப் பக்கமா? நீயே சொல்லு.”

மனைவி யோசித்தாள்.

“ஜன்னல் பக்கம். அங்கதான் வெளிச்சம்.”

விழுந்துவிட்டாள்! கண்ணில் நீர் வராத குறை.

“ஸ்டாண்டு வாங்கணுமா, ஸ்டூல் போதுமா?” என்றாள் அவள்.

வென்றவன் பெருந்தன்மையாக இருக்கவேண்டாமா?

“ஸ்டூலே போதும். எதுக்கு வீண் செலவு?”

“நாளைக்கு நான் போடட்டுமா, நீங்க போடறீங்களா?”

“எனக்கு டியூட்டி இருக்கு. நீயே போட்டுடு.”

அன்றைக்கே டிரைவர் நண்பருக்குப் போன் செய்தார். “நாளைக்கு, ஞாயித்துக்கிழமை, மூணு மணிக்கு நம்ம வீட்டுல ஆட்டம். எப்படின்னு கேக்காதே. எல்லாம் ஒரு டெக்னிக்.”

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிய நேரமாகி மூன்றரைக்குத்தான் வந்தார். பின்னறையில் சிரிப்புச் சத்தம். ஷூவோடு உள்ளே நுழைந்தார்.

போர்டு ஜன்னல் பக்கம்தான் இருந்தது. நாலு ஸ்டூல்மேல்தான் இருந்தது. நாலும் பள்ளிக்கூடத்து ஸ்டூல். அவருடைய முழங்காலுக்கும் கீழே, மகளின் இடுப்புயரத்தில் போர்டு. சுற்றிலும் பாய், கட்டைகள், கந்தல் துணிப் பொம்மைகள், ஒரு தொட்டி மணல். காய்கள் அறை முழுக்க இறைந்து கிடந்தன. மகள் பழைய சட்டைப் பொத்தான்களை நிறம் பார்த்து நாலு மூலைக் குழிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

“என்னய்யா இது?”

“நான் கறுப்புக் காய் பொறுக்கறேன்,” என்றார் டிரைவர், பாய்க்கடியில் கையை விட்டபடி. “பாப்பா கேட்டுச்சு. நானே செலக்ட் பண்ணேன்!”

“என்னடி இது?” என்று மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏங்க, நீங்க கேட்ட ஜன்னல் பக்கம், நீங்க சொன்ன ஸ்டூல். எதை மாத்தணும்?”

சொல்ல வாயைத் திறந்தார். மகள் அவர் பேன்ட்டை இழுத்தாள்.

“அப்பா, வெள்ளைக் காய் எடுக்கறீங்களா, சிவப்புக் காயா?”

சிவப்பு ஒன்றே ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். மளமளவென்று கணக்குப் போட்டார்.

“சிவப்பு,” என்றார், ஜெயித்த குரலில்.

“அது மணலுக்குள்ள எங்கயோ இருக்கு,” என்றாள் மகள்.

டைம் கீப்பர் மணல் தொட்டியைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பிப் போனார். அங்கே சாக்கட்டியால் ஒரு ஜோடி குட்டிப் பாதம், பக்கத்தில் ஒரு ஜோடி பெரிய பாதம். குனிந்து ஷூவைக் கழற்றி, பெரிய கோட்டுக்குள் சரியாக வைத்தார்.