இன்றைய பாவம்: செபமாலைமுத்து அத்தான்

வால்தம்ஸ்டோ, லண்டன்
ஜூன் மூன்றாம் திகதி

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய செபமாலைமுத்து அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் பத்திநாதன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் றஜீனாவும் மகள் லக்‌ஷிகாவும் சுகம். அங்கே குட்மேய்ஸில் நீங்களும் அக்காவும், குறிப்பாக உங்கள் இடது கணுக்காலும், சுகமாக இருக்க மன்றாடுகிறேன். ஒரு பஸ் மாறினால் வந்துவிடக்கூடிய தூரத்துக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறானே என்று நினைப்பீர்கள். என் நம்பரை நீங்கள் புளொக் பண்ணிப் பதினாறு நாளாகிறது. றஜீனாவின் நம்பரையும் பண்ணிவிட்டீர்கள். உங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தால் அக்கா "ரோங் நம்பர்" என்கிறா. அறுபத்தெட்டு வருடமாக என் குரலைக் கேட்டு வளர்ந்தவ அப்படிச் சொன்னால் நான் வேறு என்ன செய்ய?

விஷயத்துக்கு வருகிறேன். லக்‌ஷிகாவின் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் நீங்களும் கைபிடித்து அவளைக் கூட்டிப்போவதென்று அவள் போன வருடமே முடிவுசெய்தது உங்களுக்குத் தெரியும். நான் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று ஓடிய காலத்தில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர் நீங்கள். ஒரு பின்னல் மேலேயும் ஒரு பின்னல் கீழேயுமாகத் தலை இழுத்துவிட்டவரும் நீங்கள். நேற்று அவள் என் முன்னால் வந்து நின்று, "அப்பா, மாமா வராட்டி நான் நடக்க மாட்டன். நீங்களே சோர்ட் அவுட் பண்ணுங்கோ" என்றாள். அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அமைதியாகச் சொன்னாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பிறகு கோயில் வாட்ஸப் குழுவில் தினமும் ஒரு தியானம் போடுவது உங்களுக்குத் தெரியும். தவக்காலத்தில் நாளுக்கொரு பாவம் எடுத்து எழுதலாம் என்று தொடங்கினேன். நாற்பது நாளில் நிறுத்துவதாகத்தான் எண்ணம். உயிர்ப்புத் திருநாளும் கழிந்தது, பாவங்கள் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு: முதல் வரியில் 'இன்றைய பாவம்' என்று போட்டு அந்தப் பாவத்தின் பெயர், அதன் கீழே 'தீர்ப்பு' என்று ஒரு வேத வசனம், கடைசியில் 'இரக்கம்' என்று இன்னொரு வசனம். பொறாமை, சோம்பல், புறங்கூறல் எல்லாம் இப்படித்தான் போய் முடிந்தன. விரலால் எழுதினால் கண் வலிக்கிறது என்று, நான் வாயால் சொல்ல போன் அதை எழுதும்படி லக்‌ஷிகா செட் பண்ணித் தந்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமைக் காலை எடுத்த பாவம் பெருந்தீனி. இதை நீங்கள் நம்ப வேண்டும் அத்தான், வரிசைப்படி வந்த பாவம் அது. வயிற்றையே தெய்வமாக வைத்திருக்கிறவர்களுடைய முடிவு அழிவு என்று பவுலடியார் எழுதியதைத் தீர்ப்பில் முதலே போட்டு வைத்திருந்தேன். முதல் வரிக்குப் போய், போனைப் பார்த்து "இன்றைய பாவம்" என்று சொல்லி வாயை மூடவில்லை, குசினிக்குள் அக்காவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்த றஜீனா கத்தினா. "ஐயோ இஞ்சேருங்கோ! அத்தான் விழுந்திட்டாராம்! அக்கா மிளகாய் வறுக்க ஸ்மோக் அலாரம் அடிச்சிருக்கு, அதை நிப்பாட்டக் கதிரையில ஏறினவராம், கால் முறிஞ்சு போச்சாம்!" அலாரத்தை இடிக்கக் கூட்டுகிற தும்புக்கட்டையோடு கதிரையில் நிற்கிற உங்களை நினைத்துப் பார்த்தேன். என்னையறியாமல் பெருமூச்சு விட்டு "செபமாலைமுத்து அத்தான்" என்று சொன்னேன். போன் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் கைதவறி அனுப்புகிற பொத்தானை அமத்திவிட்டேன். அப்படித்தான் நூற்று நாற்பத்து மூன்று பேருடைய போனில், 'இன்றைய பாவம்: செபமாலைமுத்து அத்தான்' என்றும், அதன் கீழே 'தீர்ப்பு: வயிற்றைத் தெய்வமாக்கியவனுக்கு அழிவு' என்றும் போய் விழுந்தது. இரக்கத்துக்கு வசனம் தேட நேரம் போதாதபடியால் அந்த இடத்தில் 'நாளை' என்று போட்டிருந்தேன்.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு உங்களைப் பார்க்க வெளிக்கிட்டு, பஸ்ஸில் ஏறி, இருக்க இடம் பிடித்து, பிறகுதான் போனைப் பார்த்தேன். எண்பத்தேழு பேர் ஆமென் போட்டிருந்தார்கள்! சிலர் கைகூப்பும் படம். ஒருவர் "காலத்துக்கேற்ற செய்தி, நன்றி பிரதர்" என்று எழுதியிருந்தார். இவர்கள் ஒருநாளும் வாசிக்காமலே ஆமென் போடுகிறவர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அழிக்கப் போனால் பஸ் குலுங்குகிற குலுக்கில் எனக்கு மட்டும் அழிந்தது, மற்ற எல்லாருக்கும் அப்படியே நின்றது. உடனே திருத்தம் ஒன்று சொன்னேன்: "இன்றைய பாவம் செபமாலைமுத்து அத்தான் அல்ல, பெருந்தீனி." அதற்குச் சிரிக்கிற முகங்கள் வந்தன. பதற்றத்தில் இரண்டாம் திருத்தம் போட்டேன்: "அத்தானுக்கும் பெருந்தீனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை." அதற்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகங்கள் வந்தன. உங்கள் உருவத்தை அறிந்தவர்கள்தானே எல்லாரும். மூன்றாவதாக, "அவர் பாவம் செய்தவர் அல்லர், அவரே பாவம், அந்தப் பாவம் வேறு இந்தப் பாவம் வேறு" என்று விளக்கமாகச் சொன்னேன். பக்கத்துச் சீட்டில் இருந்த வெள்ளைக்கார மனுசி எழும்பிப்போய் வேறு சீட்டில் இருந்தா.

அத்தான், நம்முடைய மொழியில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வது? கொலை செய்தவனுக்கும் பாவம், கால் முறிந்தவனுக்கும் பாவம். முன்னூறு பக்கம் தியானம் எழுதிய எனக்கு இது ஒருநாளும் உறைக்கவில்லை. அன்றைக்குப் பிற்பகல் பாதர் போன் எடுத்தார். "பத்திநாதன், பகிரங்கமா ஆக்களின்ர பேர் சொல்லித் தண்டிக்கிறது இப்ப திருச்சபையில வழக்கமில்லை" என்றார். நான் விளக்கப் போக, "சரி, அப்பிடியெண்டா இரக்கத்தை ஏன் நாளைக்குத் தள்ளி வச்சனீங்கள்?" என்று கேட்டார்.

அந்தக் குழு முழுவதிலும் நான் சொல்ல வந்ததைச் சரியாக விளங்கியவர் பாலாம்பிகை ஒருத்திதான். அவ நம்முடைய சமயமில்லை, சைவக்காரி, கோயில் ஆட்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறபடியால் குழுவில் இருக்கிறா. தீர்ப்பு, வசனம் ஒன்றும் அவவுக்குத் தெரியாது. முதல் வரியை வாசித்தாவாம், "ஐயோ பாவம், அந்த மனுசனுக்கு என்னவோ நடந்திட்டுது" என்று முருங்கையிலைச் சூப் வைத்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தா அல்லவா? எண்பத்தேழு கிறிஸ்தவர்கள் உங்களை நரகத்துக்கு அனுப்பி ஆமென் போட்டபோது, இந்த மனுசி மட்டும் சூப் கொண்டுவந்தா. இதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காலையில் நான் வந்துசேர முன் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று பின்னேரம், நீங்கள் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு, நானும் பழங்கள் வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா கதவுச் சங்கிலியைக் கழற்றாமல், "அவர் படுத்திருக்கிறார்" என்றா. அந்த நேரம் உள்ளேயிருந்து கிரிக்கெட் சத்தமும், அதைவிடப் பெரிதாக உங்கள் சத்தமும் கேட்டது. "ஆர் வந்திருக்கிறது? நடுத்தீர்வைக்காரரோ? கடைசி நாளைக்கு வரச் சொல்லு!" என்றீர்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, ஆனால் கதவைத் திறக்கவில்லை. வாழைப்பழத்தை மட்டும் அந்த இடைவெளியால் ஒவ்வொன்றாக எடுத்தா. அன்னாசி போகாது என்று திருப்பித் தந்துவிட்டா. ஒரு கையில் அன்னாசியோடு திரும்பி வந்த அந்தப் பஸ் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அத்தான், உங்கள் மேல் எனக்கு ஒரு துளி மனத்தாங்கலும் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. நடந்தது முழுக்க முழுக்கப் போன் செய்த பிழை. மிஞ்சினால் என் கைத்தவறு. தியானம் எழுதுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் எழும்பினால் செய்ய ஒரு வேலையும் இல்லை. றஜீனா கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவுகிறேன். அதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் வராத கோயிலில் என் பிள்ளையின் மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை. மாவுக்கட்டோடு நடக்க ஏலாவிட்டால் சக்கரக் கதிரை பிடிக்கலாம், நான் தள்ளுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் கணுக்கால் எலும்பு சீக்கிரம் பொருந்தவும், வீட்டில் அலாரம் இனி அடிக்காதிருக்கவும், மாதாவின் பரிந்துரையால் சகல ஆசீர்வாதமும் உங்கள் இருவர் மேலும் இறங்கவும் வேண்டிக்கொள்ளும்,

என்றும் உங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
பத்திநாதன்

பி.கு.: கடிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டுமுன் ஒருதரம் வாசித்தேன். அத்தான், மேலே எழுதியதை நம்ப வேண்டாம். போன் தானாக எழுதியது உண்மை. ஆனால் அனுப்புமுன் நான் கண்ணாடியைப் போட்டு அதை முழுக்க வாசித்தேன். அழிக்கத்தான் விரல் போனது. அந்த நேரம் பார்த்து, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த கிழமை மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "மச்சான்ர தியானம் நல்ல சாமான். ரெண்டு வரி வாசிச்சாக் காணும், நித்திரைக் குளிசை தேவையில்லை." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது எனக்குச் சரியாக நொந்தது. பெருந்தீனி வரிசைப்படி வரவில்லை. அன்று தொடக்கம் அதை உங்களுக்கென்றே எடுத்து வைத்திருந்தேன். கை தவறவில்லை, நான்தான் அமத்தினேன். பஸ்ஸில் ஆமென் விழ விழ எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. இரக்கத்துக்கு வசனம் தேட நேரம் போதவில்லை என்றது பெரிய பொய். வசனம் முதல்நாளே தேடி எழுதி வைத்திருந்தது. உங்களுக்கு ஏன் போடவேண்டும் என்று அதை எடுத்துவிட்டு 'நாளை' என்று போட்டேன். இதை எழுதிய பிறகு மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதின்மூன்றாம் திகதி சனிக்கிழமை காலை பதினொரு மணி. என்னோடு கதைக்க வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். வந்து பிள்ளையின் கையைப் பிடியுங்கள். பிறகு பந்தியில் இருந்து வயிறாரச் சாப்பிடுங்கள், நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.