ஆறாவது செரிமானம்

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, சீட்டில் என்ன ஈரம் என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிப்பட்டவனை பி.எட். பயிற்சிக்கென்று புதுச்சேரி லாஸ்பேட்டை பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் அந்த வகுப்பு அமைதியாக இருந்தது.

எட்டாம் வகுப்பு அமைதியாக இருக்கலாமா? நானும் எட்டாவது படித்தவன்தானே! முதல் நாளே நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். முள் இல்லை, சூயிங்கம் இல்லை.

"உக்காருங்க சார், நாங்க ஒண்ணும் பண்ணல" என்றாள் வகுப்புத் தலைவி பவித்ரா. குரலில் ஒரு பரிவு. எனக்கு அந்தப் பரிவுதான் பிடிக்கவில்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அப்போது கவிதாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள், முக்கால்வாசி. "மாப்பிள்ளை மொதல்ல வாத்தியார் படிப்ப முடிக்கட்டும், மீதிய அப்புறம் பேசலாம்" என்று அவள் அப்பா பாக்கிக் கால்வாசியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பயிற்சியின் கடைசிப் பாடத்தைக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து பார்ப்பார். அதில் கோட்டை விட்டால் பயிற்சி மறுபடியும் முதலிலிருந்து. கல்யாணம் எதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது.

வரப்போகிறவர் ஞானப்பிரகாசம் சார், இந்தப் பள்ளிக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. வீட்டில் இன்னமும் பிரெஞ்சு பேசுகிற குடும்பம். பாடத்தின் தலைப்பைப் பிள்ளைகள் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவதில் தலைப்பு வந்து விழுந்ததும் விரலைச் சொடுக்கி "வொலா!" என்பார். (பிரெஞ்சில் 'இதோ பாருங்க!' என்று அர்த்தமாம்.) நானும் அதே இடத்தில் சொடுக்கி, அதே "வொலா!" சொல்லி, மனுஷனுக்கு ஐஸ் வைப்பதாகத் திட்டம்.

எடுத்துக்கொண்ட பாடம் செரிமானம். சிறுகுடல் எவ்வளவு நீளம் என்று காட்ட ஒரு முழுப் புடவையை வகுப்பில் விரிப்பது. இப்படியொரு யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று சத்தியமாக நம்பினேன். அம்மா கட்டாமல் எடுத்துவைத்திருந்த மயில்கழுத்துக் கலர் புடவை பீரோவில் இருந்தது. (கேட்டால் தரமாட்டார்கள். அதனால் கேட்கவில்லை.)

முந்தின நாள் மணி அடித்ததும் பவித்ரா, "சார், நாளைக்குச் செரிமானமா?" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. யாரிடமும் மூச்சு விடவில்லையே! விஷயம் தெரிந்தவன் என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த குமரன் ஒருத்தன்தான். டீக்கடையில் அவனை மடக்கினேன்.

"உண்மையச் சொல்லு. என் பாடத்தப் பத்தி பசங்ககிட்ட உளறினியா?"

"யோவ், உன் செரிமானத்தத் தெரிஞ்சிக்கிட்டு ஊர்ல யாருக்குய்யா இன்னா ஆவப்போவுது?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் என் சந்தேகம் இன்னும் முற்றிப்போனது.

மறுநாள் ஞானப்பிரகாசம் சார் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி சார்!"

மொத்த வகுப்பும் இட்லி. ஒருத்தர் வீட்டில்கூட தோசை இல்லை. அடுத்த கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே கோரஸாக ஓட ஆரம்பித்துவிட்டது. "வாயில மென்னோம் சார், தொண்டையில எறங்கிச்சு சார், வயித்துல போயி கூழாச்சு சார், இதுக்குப் பேரு செரிமானம் சார்!"

அப்புறம் அத்தனை விரல்களும் ஒன்றாகச் சொடுக்கின. "வொலா!"

எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அதற்குள் இரண்டாவது வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து, என் பையைப் பார்த்துக் கையை நீட்டினாள். "பொடவையக் குடுங்க சார். முந்தானிய எப்பவும் நான்தான் புடிப்பேன்."

ஞானப்பிரகாசம் சார் எழுந்துவிட்டார். "ஏன் தம்பி, பிள்ளைங்களோட முன்னாடியே ஒத்திகை பார்த்து வச்சிருக்கீங்களா? இது பாடமா, ஆண்டு விழா நாடகமா?"

கவிதா அப்பாவின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. பவித்ராதான் எழுந்தாள்.

"இவர ஒண்ணும் சொல்லாதீங்க சார். இவரு ஆறாவது."

"என்ன ஆறாவது?"

"செரிமானத்துக்கு ஆறாவது சார். நாங்க இந்த ஸ்கூலுக்கு வந்ததுலேர்ந்து உங்க காலேஜ் ஆளுங்க எல்லாருமே செரிமானந்தான். எல்லாரும் இட்லிதான் கேப்பாங்க, பொடவைதான் விரிப்பாங்க, வொலாதான் சொல்லுவாங்க. நாங்க பாதிப்பேரு காலையில சாப்பிடாமத்தான் சார் வரோம். அதச் சொன்னா புது சாருங்க கொழம்பிப்போயிடுறாங்க, பாவம். அதான் இட்லின்னே சொல்லிடறது."

என் காது இரண்டும் சுட்டது. நான் நாற்காலிக்கு அடியில் முள் தேடிக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! ஞானப்பிரகாசம் சார் பேனாவை மூடினார். சரி, போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"இதுவரைக்கும் யாருமே சொல்லித் தராதது எதுனா இருக்கா?" என்று வகுப்பைக் கேட்டேன், அழாத குறையாக.

"இவ்ளோ நீளக் கொடலு வயித்துக்குள்ள எப்பிடி சார் சிக்காம இருக்குது? அதக் கேக்கறதுக்குள்ள மணி அடிச்சிடும்" என்றாள் பவித்ரா.

எனக்கு விடை தெரியும். குடலைப் பின்பக்கமாக ஒரு சவ்வு, புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்துப் பிடித்திருக்கிறது. இதை வாயால் சொல்லியிருந்தால் போதும். நான் செய்து காட்டினேன். பையிலிருந்த புடவையை எடுத்துப் பேண்டுக்கு மேல் கொசுவம் வைத்து இடுப்பில் செருகி, வெற்றியோடு வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன். கொசுவத்தின் ஒரு மடிப்பு பெஞ்சு ஆணியில் மாட்டியிருந்தது.

பர்ர்ர்ர்.

"சார், கொடலு கிழிஞ்சிடுச்சு சார்!"

அன்றுதான் அந்த வகுப்பு கத்தியது. பெஞ்சைத் தட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எட்டாம் வகுப்பு மாதிரியே சிரித்தார்கள். ஞானப்பிரகாசம் சாரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாஸ் போட்டிருக்கேன் தம்பி." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வொலா விஷயம் காலேஜ்ல யாருக்கும் தெரிய வேணாம்." மார்க்கு கொசுவத்துக்கா, வொலாவுக்கா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது நானும் ஓர் அரசுப் பள்ளியில் வாத்தியார்தான். காலையில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறேன். "சாப்பிட்டோம் சார்!" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னால் நம்புவதில்லை. ஒவ்வொருத்தராகக் கேட்கிறேன், மேஜை இழுப்பறையில் பிஸ்கட் வைத்திருக்கிறேன்.

புடவை விஷயத்தில் மட்டும் அம்மா என்னை மன்னிக்கவில்லை. கிழிசலைத் தைத்து, அது கொசுவத்துக்குள் மறைகிற மாதிரி இன்றைக்கும் கட்டிக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் கவிதா பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"அத்தை, இன்னிக்குப் பட்டா, சிறுகுடலா?"

"சிறுகுடலையே எடும்மா. அது கிழிஞ்சதாலதான நீ இந்த வீட்டுக்கு வந்த!"